பின்னால நிக்கிறது யாரு?

திருவனந்தபுரம் கரமனையில் எங்கள் எதிர்வீட்டு அண்ணாச்சிக்கு ஐஸ்லாந்து பிடிக்காது. "மரமே கெடையாது ஓய். எங்க பாத்தாலும் கறுப்புக் கல்லு. ஒரு முருங்கக்காய் வேணும்னா அவன் எங்க போவான்?" என்பார். பெரு நாடு பரவாயில்லை. ஆனால் ஏற்றம் அதிகம், மூட்டுவலிக்காரர்களுக்கு ஆகாது. எகிப்தில் ஒட்டகக்காரன் ஏறும்போது ஒரு விலையும் இறங்கும்போது ஒரு விலையும் சொல்வான், ஜாக்கிரதை. இவ்வளவும் தெரிந்த அண்ணாச்சி தெற்கே கன்னியாகுமரியையும் வடக்கே குருவாயூரையும் தாண்டியவர் இல்லை. பாஸ்போர்ட் கிடையாது. காலமெல்லாம் சாலைக் கம்போளத்தில் சாக்கும் சணல் கயிறும் விற்றுவிட்டு, கடையை மகன் கையில் கொடுத்த மறுநாள் உலகம் சுற்றக் கிளம்பினார். சாய்வு நாற்காலியில்.

கூட்டிக்கொண்டு போனவர் சந்தோஷ் ஜார்ஜ் குளங்கரா. கோட்டயம் மாவட்டத்து மரங்காட்டுப்பள்ளிக்காரர். 1993ல் திருவனந்தபுரத்தில் தொடங்கிய ஏசியாநெட் சானலில் 2001 முதல் அவருடைய 'சஞ்சாரம்' வந்தது. 2013ல் 'சஃபாரி' என்று சொந்தமாக ஒரு சானலே ஆரம்பித்துவிட்டார். நூறு நாடுகளுக்கு மேல் போய் வந்த மனிதர். கூட ஆள் அம்பு கிடையாது, கேமராவைத் தானே தூக்கிக்கொண்டு தனியாகப் போகிறவர். 2021ல் கேரள அரசு அவரை மாநிலத் திட்டக் குழுவில் பகுதிநேர உறுப்பினராகச் சேர்த்தபோது அண்ணாச்சி, சொந்த மருமகனுக்கு சர்க்கார் உத்தியோகம் கிடைத்ததுபோல் தெருவில் எல்லாருக்கும் சாயா வாங்கிக் கொடுத்தார்.

ஆனால் அண்ணாச்சி உயிரை விடுவது 'சஞ்சார'த்துக்காக இல்லை. சஃபாரி சானலில் 'ஒரு சஞ்சாரியின் டைரிக் குறிப்புகள்' என்று இன்னொரு நிகழ்ச்சி வந்தது. பாடலாசிரியர் பீயார் பிரசாத் எதிரே உட்கார்ந்து கேட்பார். குளங்கரா தன் பயணக் கதைகளைச் சொல்வார். முக்கால்வாசி நேரம் பேச்சுத்தான். இதற்காக அண்ணாச்சி ராத்திரிக் கஞ்சியைத் தள்ளிப்போடுவார். பனிமலையும் அருவியும் ஓடும்போது தூங்கிவிடுகிறவர், பாஷை தெரியாத ஊரில் ராத்திரி தங்க இடம் தேடி அலைந்த கதை என்றால் நிமிர்ந்து உட்கார்ந்துவிடுவார். காரணம் கேட்டேன்.

"படத்துல எல்லா ஊரும் நல்லாத்தான் இருக்கும் ஓய். பட்ட பாட்டைச் சொல்லும்போதுதான் நம்ம ஆளுன்னு தெரியுது."

பயண இலக்கியம் பற்றி நான் கேட்ட கருத்துகளில் இதற்கு மேல் ஒன்று இல்லை. பயணி கொஞ்சம் கஷ்டப்பட வேண்டும். ரொம்பக் கூடாது, பெரிய விபத்து என்றால் நமக்கு மனசு கேட்காது. ரயிலைத் தவறவிடுவது, பெட்டி வேறு ஊருக்குப் போய்விடுவது, வாயில் வைக்க முடியாத ஒரு சூப்பைக் கண்ணை மூடிக்கொண்டு குடிப்பது, இந்த அளவு போதும். "எல்லாம் நல்லபடியாக நடந்தது" என்று எழுதுகிற பயணியை யாரும் இரண்டாம் பக்கம் வரை கூட்டிப்போவதில்லை.

குளங்கரா விர்ஜின் கலாக்டிக் நிறுவனத்தில் விண்வெளிப் பயணத்துக்கு இடம் பதிவு செய்திருக்கிறார் என்ற செய்தி வந்தபோது அண்ணாச்சிக்கு அது பிடிக்கவில்லை. "அங்க போயி என்னத்தக் காட்டப் போறாரு? சாப்பாட்டுக் கடை உண்டா, வழி கேக்க ஒரு மனுசன் உண்டா?" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "வீட்ல சொல்லிட்டுத்தான் பதிஞ்சிருப்பாரா?" என்றும் கேட்டார். அண்ணாச்சியின் மகள் சிங்கப்பூரில் இருக்கிறாள். வந்து ஒரு மாதம் இருங்கள் என்று எத்தனையோ தடவை கூப்பிட்டாயிற்று. பார்த்த ஊருக்கு எதற்கு மறுபடி காசு என்பது அண்ணாச்சி கட்சி.

ஊர் சுற்றுகிறவருக்கும் வீட்டில் உட்கார்ந்து கேட்கிறவருக்கும் உள்ள இந்த உறவு தமிழில் இன்னும் பழையது. கோட்டையூரில் 1911ல் பிறந்த ஏ.கே. செட்டியார் ஜப்பானுக்கும் அமெரிக்காவுக்கும் போய்ப் புகைப்படக் கலை படித்தவர். காந்தியைப் பற்றிய படச்சுருள்களைத் தேடி உலகமெல்லாம் சுற்றினார். லட்சம் மைல் என்பார்கள். அந்த ஆவணப்படம் 1940ல் வந்தது. 'உலகம் சுற்றும் தமிழன்' புத்தகமும் அதே வருஷம். இவ்வளவு சுற்றியவர், இவ்வளவு படமெடுத்தவர், தன் படம் பத்திரிகையில் வருவதை விரும்பவில்லை. எழுத்திலும் தன்னைப் பற்றி அதிகம் பேசமாட்டார். பார்த்ததைச் சொல்வார், கேட்டதைச் சொல்வார், நறுக்கென்று முடித்துவிடுவார். இன்றைக்குக் கோயில் யானை, மலை உச்சி, கோளரங்கம் எதற்கு முன்னாலும் முதலில் தன் முகத்தை நிறுத்திவிட்டு மிச்ச இடத்தில் உலகத்தைக் காட்டுகிறவர்களைப் பார்க்கும்போது எனக்குச் செட்டியார் ஞாபகம்தான் வரும்.

எனக்கு அவர்தான் உசத்தி. எங்கள் அத்தை ஒப்புக்கொள்ளமாட்டாள். நாகர்கோவில் வடிவீசுவரத்தில் இருந்த அத்தைக்கு மணியன்தான் எல்லாம். ஆனந்த விகடனில் மணியன் எழுதிய வெளிநாட்டுப் பயணத் தொடரை வாரா வாரம் கிழித்தெடுத்து, கோணி ஊசியால் தைத்து, பழைய காலண்டர் அட்டை போட்டு வைத்திருந்தாள். பக்கத்தின் முன்பக்கம் ஐரோப்பா. பின்பக்கம் பாதி ஜோக்கும் பாதி தலைவலித் தைல விளம்பரமும். ஜோக்கின் மீதிப் பாதி எந்த வீட்டு அடுப்புக்குப் போனதோ.

அந்தத் தொகுப்பை அத்தை காலத்துக்குப் பிறகு நான் எடுத்து வந்தேன். ஓரங்களில் பென்சிலால் கணக்குப் போட்டிருக்கிறாள். டாலர் என்று எங்கே வந்தாலும் பக்கத்தில் ஏழரையால் ஒரு பெருக்கல். 1966ல் ரூபாயின் மதிப்பைக் குறைத்த பிறகு ஒரு டாலர் ஏழரை ரூபாய். யாருக்கு ஏழரை பிடித்த காலம் என்று கேட்கக்கூடாது. பெருக்கி வந்த தொகைக்குக் கீழே "அநியாயம்" என்று ஒரு சொல். இன்னோர் இடத்தில் "காப்பிக்கா?" என்று மட்டும். அரண்மனைகளையும் ஓவியக் கூடங்களையும் விவரித்த பக்கங்களில் ஒரு பென்சில் கீறல்கூட இல்லை. சாப்பாடு வருகிற இடங்களில் மட்டும் ஓரம் நிரம்பி வழிகிறது. "அந்தக் குளிர்ல மணியனுக்கு ஒரு மிளகு ரசம் வச்சுக் குடுக்க ஆளில்லையே" என்று அத்தை அங்கலாய்த்ததை நானே கேட்டிருக்கிறேன். மணியன் அவளுக்கு உறவும் இல்லை, அறிமுகமும் இல்லை. ஆனால் அவர் வெளிநாட்டில் இருந்த வாரங்களில் எங்கள் வீட்டில் ஒருவர் வெளியூர் போயிருந்த மாதிரியே இருந்தது.

மலையாளிகளுக்கு இதில் நம்மைவிட வேகம். எஸ்.கே. பொற்றெக்காட் ஆப்பிரிக்காவையும் பாலித் தீவையும் எழுதினார். 1962ல் தலச்சேரி மக்கள் அவரை நாடாளுமன்றத்துக்கே அனுப்பிவிட்டார்கள். தோற்றவர் யார் தெரியுமா? சுகுமார் அழீக்கோடு, பெரிய விமர்சகர். பயணக் கட்டுரையும் விமர்சனமும் தேர்தலில் நேருக்கு நேர் மோதிய ஊர் வேறு எங்கும் இருக்கும் என்று தோன்றவில்லை.

எழுத்து, சானல் எதுவும் இல்லாமல் இந்த உறவைச் சம்பாதித்தவர்கள் கொச்சியில் ஒரு டீக்கடைத் தம்பதி. காந்தி நகரில் 'ஸ்ரீ பாலாஜி காபி ஹவுஸ்' நடத்திய கே.ஆர். விஜயனும் மோகனாவும். கடை வருமானத்தில் தினம் 300 ரூபாய் எடுத்து வைப்பார்கள். போதாததற்குக் கடன் வாங்குவார்கள். ஊர் சுற்றிவிட்டு வந்து டீ ஆற்றிக் கடனை அடைப்பார்கள். அடைந்ததும் அடுத்த நாடு. இப்படி 26 நாடுகள். 2021ல் ரஷ்யா போய் வந்த சில வாரங்களில், நவம்பரில், விஜயன் காலமானார். பெரிய பெரிய தொழிலதிபர்கள் எல்லாம் பாராட்டிய ஜோடிதான். ஆனால் கடைக்கு வந்து போனவர்களின் பெருமை வேறு ரகம். கொச்சியில் வேலை பார்த்த என் சிநேகிதர் ஒருவர் அங்கே வாடிக்கையாகத் தோசை சாப்பிட்டவர். "அவங்க ஸ்விட்சர்லாந்து போனதுல கொறஞ்சது ஒரு மைல் என் காசு" என்று இன்றைக்கும் சொல்லிக்கொண்டு திரிகிறார். வேறு எந்தப் பயணிக்கும் இத்தனை பங்குதாரர்கள் இருந்திருக்கமாட்டார்கள்.

புகைப்படம் என்று வந்தால் கதை கொஞ்சம் மாறுகிறது. கதையில் நாம் காட்டுவதைத்தான் கேட்பவர் பார்ப்பார். படத்தில் நாம் எதைக் காட்டினாலும் பார்ப்பவர் வேறு எதையோ பார்த்துக்கொண்டிருப்பார்.

ஃபிலிம் ரோல் காலத்தில் நான் ஆக்ராவுக்குப் போய் வந்தேன். 36 படம் கொண்ட சுருள். ஒவ்வொரு தடவை அமுக்கும்போதும் காசு கண்ணில் தெரியும். தாஜ்மஹாலுக்கு மட்டும் தாராளம் காட்டினேன். கழுவி எடுத்து ஆல்பத்தில் செருகி, குடும்பம் கூடியிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை பெரியம்மா மடியில் வைத்தேன். பெரியம்மா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டாள். முதல் படத்தை வெகுநேரம் பார்த்தாள். ஷாஜஹான், இருபது சொச்ச வருஷ உழைப்பு, வெள்ளைச் சலவைக்கல் என்று நான் ஆரம்பித்தேன்.

"பின்னால நிக்கிறது யாரு?"

சிவப்பு ஸ்வெட்டர் போட்ட ஓர் ஆள். எனக்கு எப்படித் தெரியும்? யாரோ சுற்றுலாக்காரன் என்றேன்.

"மூஞ்சி சரியில்லையே. பொண்டாட்டிகிட்ட ஏதோ வாங்கிக் கட்டிட்டு வந்து நிக்கிறான்."

இதற்குள் சித்தி, மதினி, பக்கத்து வீட்டு மாமி எல்லாரும் ஆல்பத்தின் மேல் குனிந்துவிட்டார்கள். இரண்டாவது படத்திலும் சிவப்பு ஸ்வெட்டர் இருந்தது. பக்கத்தில் பச்சைச் சேலையில் ஒரு பெண், முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு. "நான் சொன்னேன்ல" என்றாள் பெரியம்மா. மூன்றாவதில் அந்த ஆள் மட்டும். சபையில் பெருங்கவலை. நான்காவது படத்தில், மூலையில், பாதி வெட்டுப்பட்டு, அவன் தோளில் ஒரு குழந்தை. பச்சைச் சேலையின் கை குழந்தையின் செருப்பைப் பிடித்திருந்தது. "சமாதானமாயிட்டாங்க!" என்று மதினி கத்தினாள். எல்லாரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். காப்பி வந்தது.

தாஜ்மஹாலைப் பற்றியும் ஒரு கேள்வி கேட்டார்கள் என்பதை நியாயமாகச் சொல்ல வேண்டும். "இவ்வளவு பெரிய முத்தத்தை தினம் யாரு பெருக்குறா?"

கைபேசி வந்த பிறகு இந்தச் சபை கலைந்துவிட்டது. இப்போது யார் படம் காட்டினாலும் நம் கையில் போனைத் தரமாட்டார்கள். தாங்களே பிடித்துக்கொண்டு கட்டைவிரலால் தள்ளிக்கொண்டே போவார்கள். ஒரே கோபுரம் பதினைந்து தடவை, நடுவே பார்க்கிங் ரசீது, ரேஷன் கார்டு, மாமனாரின் ஈ.சி.ஜி. அப்புறம் மறுபடி கோபுரம். ஒரு படத்தைக்கூடப் பின்னால் நிற்கிறவர் யார் என்று விசாரிக்கும் அளவுக்கு நிறுத்துவதில்லை. எடுத்தவர்களுக்கே நிறுத்தத் தோன்றாதபோது பார்ப்பவரைக் குறை சொல்லி என்ன செய்ய.

திருவனந்தபுரத்தில் குடியிருப்பதில் ஒரு வசதி, நாங்களே அடுத்தவர்களின் படத்தில் பின்னால் நிற்கிறவர்கள். வருகிற பயணிகள் எல்லாரும் முதலில் எடுப்பது பத்மநாபசுவாமி கோயில். எல்லாருக்கும் ஒரே படம்தான் கிடைக்கும்: முன்னால் பத்மதீர்த்தக் குளம், நடுவில் ஏழு நிலைக் கோபுரம், மேலே கொஞ்சம் வானம். உள்ளே கேமராவும் கைபேசியும் ஆகாது. ஆண்கள் சட்டையைக் கழற்றி வேட்டியோடுதான் போக வேண்டும். எடுத்துப் போனாலும் வைத்துக்கொள்ளப் பை கிடையாது. போனாலும் பெருமாளை ஒரே பார்வையில் பார்த்துவிட முடியாது. பள்ளிகொண்ட பதினெட்டு அடி உருவம். மூன்று வாசல் வழியாக, தலைப்பக்கம் ஒன்று, நாபி ஒன்று, திருவடி ஒன்று என்று மூன்று துண்டாகத்தான் தரிசனம். எந்தக் கேமராக்காரனும் ஒரு சட்டத்தில் அடக்க முடியாதபடி முன்கூட்டியே ஏற்பாடு செய்துகொண்டு படுத்திருக்கிறார்.

2011ல் நிலவறைகளைத் திறந்து புதையலைக் கணக்கெடுத்தபோது உலகத்துப் பத்திரிகைக்காரர்கள் எல்லாம் வந்தார்கள். அவர்களுக்கும் அதே குளம், அதே கோபுரம், அதே வானம்.

வருஷத்தில் இரண்டு முறை, மார்ச்சிலும் செப்டம்பரிலும் பகலும் இரவும் சமமாகிற நாளில், மறைகிற சூரியன் கோபுரத்தின் நடு வாசல்களில் மேலிருந்து ஒவ்வொன்றாக இறங்கும். அன்று சாயங்காலம் கிழக்கே கோட்டைப் பக்கம் முக்காலிகளின் காடு. ஒரு செப்டம்பரில் நானும் போய் நின்றேன். மேகம் வந்து மூடும், விலகும், மறுபடி மூடும். என் பக்கத்தில் நின்றவர் தினமும் அந்த வழியாக வீட்டுக்குப் போகிற ஆள். கையில் காய்கறிப் பை. சூரியன் ஒரு வாசலில் வந்து உட்கார்ந்தபோது படபடவென்று கேமராக்கள். இவர் கோபுரத்தைப் பார்க்காமல் பக்கத்துப் பையனின் கேமராத் திரையை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். "நேர்ல கண்ணு கூசுது சாரே. நாளைக்குப் பேப்பர்ல தெளிவா வரும்" என்று என்னிடம் சொல்லிவிட்டு, சேனைக்கிழங்கு கனத்தில் சாய்ந்தபடி நடந்தார்.

உள்ளூர்க்காரன் தன் ஊர்ப் படத்தைப் பார்க்கும் விதமே தனி. 1900ஐ ஒட்டி சக்கரியாஸ் டிக்ரூஸ் என்ற படக்காரர் திருவிதாங்கூர் முழுக்கச் சுற்றி எடுத்த படங்கள் லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன. அருவி, காயல், அரண்மனை, தெரு என்று பார்க்கப் பார்க்கத் திகட்டாதவை. அவற்றில் சிலவற்றின் பிரதியை எங்கள் அலுவலக உணவு இடைவேளையில் மேஜைமேல் பரப்பினேன். கலைநயம் பற்றிப் பேசத் தயாராக வந்திருந்தேன். ஒருவர் ஒரு தெருவைக் காட்டி "இது பழவங்காடி" என்றார். இன்னொருவர் "இல்ல, அந்த வளைவைப் பாருங்க, சாலை" என்றார். மூன்றாமவர், தன் பாட்டனார் வீடு இந்தத் தெருவில்தான் இருந்தது என்றும், இன்னும் இரண்டடி தள்ளி நின்று எடுத்திருந்தால் திண்ணை விழுந்திருக்கும் என்றும் டிக்ரூஸ் மேல் கோபப்பட்டார். நூறு வருஷத்துக்கு மேல் ஆன தவற்றுக்கு இப்படி ஒரு விளக்கம் கேட்பு! மத்தியான வேலை மூன்று மணிக்கு மேல்தான் தொடங்கியது.

தம்பானூர் இந்தியன் காபி ஹவுஸ் இன்னொரு தவிர்க்க முடியாத படம். லாரி பேக்கர் கட்டிய செங்கல் சுருள். தரை ஒரே சரிவாகச் சுற்றிச் சுற்றி மேலே ஏறும். சுவரோரமாக அந்தச் சரிவிலேயே மேஜையும் இருக்கையும் கட்டியிருக்கும். சுவரில் ஓட்டை ஓட்டையாக விட்டிருப்பதால் வெளிச்சம் பொட்டுப் பொட்டாக விழும். விசிறித் தலைப்பாகை வைத்த பரிமாறுபவர் இரண்டு கையிலும் தட்டோடு அந்த ஏற்றத்தில் ஏறி வருவதை, வெளியூர்க்காரர்கள் வாயைப் பிளந்து பார்ப்பார்கள். நாங்கள் கட்லெட் ஆறிவிடுமே என்ற கவலையோடு பார்ப்போம்.

அங்கே ஒரு நாள், எனக்கு இரண்டு மேஜை கீழே இருந்த வெளிநாட்டு அம்மாள் ஒருவர் எழுந்து நின்று, கேமராவை இப்படியும் அப்படியும் சாய்த்து அந்த வளைவை எடுத்தார். எடுத்த படத்தை எனக்கும் காட்டினார். நல்ல படம். செங்கல், பொட்டு வெளிச்சம், தலைப்பாகையின் விசிறி, எல்லாம் அச்சாக விழுந்திருந்தது. பின்னால் நான். முழுக் கட்லெட்டும் வாய்க்குள் போகிற அந்த நொடியில், கண் இரண்டும் மேலே செருகி.

இன்னொன்று எடுத்துக்கொள்ளுங்களேன் என்று கேட்டுப் பார்த்தேன். வேண்டாம், இதுவே இயற்கையாக இருக்கிறது என்று சிரித்தார். ஊருக்குப் போய் யாருக்குக் காட்டுவீர்கள் என்றேன். வயதான அம்மா இருக்கிறாராம், ஒவ்வொரு பயணப் படத்தையும் ஒன்று விடாமல் பார்ப்பாராம், பார்த்துவிட்டு ஏதாவது கேட்டுக்கொண்டே இருப்பாராம்.

எனக்குத் தெரியாதா அந்தக் கேள்வி? "கேட்டால் சொல்லுங்கள், பெயர் கட்லெட். உள்ளே சிவப்பாகத் தெரிவது பீட்ரூட், ரத்தம் இல்லை. எனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை, வீட்டிலும் சண்டை இல்லை" என்றேன். அந்த அம்மாள் ஒரு சின்ன நோட்டை எடுத்து எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார்.